மெல்லுதசையும் முக எலும்பின் வளர்ச்சியும்: முடிவுறாத ஒரு விவாதம்

முகத்தின் எலும்புகள் எவ்வளவு வளர வேண்டும், எந்தத் திசையில் வளர வேண்டும் என்பதை எது தீர்மானிக்கிறது என்ற கேள்விக்கு உடற்கூற்றியலாளர்களும் மானிடவியலாளர்களும் பற்சீரமைப்பு மருத்துவர்களும் ஏறக்குறைய ஒன்றரை நூற்றாண்டாக விடை தேடிவருகின்றனர். எலும்பின் வடிவம் மரபிலேயே குறிக்கப்பட்டுவிடுகிறது என்பது ஒரு விடை. எலும்பைப் பற்றியிருக்கும் தசைகள், குறிப்பாக உணவை மெல்லும் தசைகள், தம் இழுவையால் அதை உருவாக்குகின்றன என்பது மற்றொரு விடை. ஒரு குழந்தையின் தாடை குறுகிப் பற்கள் நெருக்கியடித்து முளைக்கும்போது, அதைப் பெற்றோரிடமிருந்து வந்த அமைப்பு என்று ஏற்றுக்கொள்வதா, மென்மையான உணவின் விளைவு என்று கருதித் திருத்த முயல்வதா என்பது இந்த விடைகளில் எதை ஒருவர் ஏற்கிறார் என்பதைப் பொறுத்தது.

மெல்லுதசைகள் என்று பொதுவாகச் சொல்லப்படுபவை நான்கு. கன்ன எலும்பிலிருந்து கீழ்த்தாடையின் கோணத்துக்கு இறங்கும் மாசெட்டர், நெற்றிப்பொட்டில் விரிந்து தொடங்கிக் கீழ்த்தாடையின் கொரோனாய்டு முனைப்பில் குவிந்து பற்றும் டெம்பொராலிஸ், தாடையின் உட்புறத்தில் மாசெட்டருக்கு இணையாக அமைந்த உள் டெரிகாய்டு ஆகிய மூன்றும் வாயை மூடிக் கடிக்கச் செய்பவை. நான்காவதான வெளி டெரிகாய்டு தாடையை முன்னோக்கி இழுப்பது. பற்களைக் கடிக்கும்போது கன்னத்தின் பின்பகுதியில் புடைத்துக்கொண்டு விரலுக்குத் தட்டுப்படுவது மாசெட்டர்; கண்ணுக்குப் பக்கவாட்டில் நெற்றிப்பொட்டில் அசைவது டெம்பொராலிஸ்.

கேள்வி எங்கிருந்து வந்தது

ஜெர்மானிய உடற்கூற்றியலாளர் வில்ஹெல்ம் ரூ 1881இல் வெளியிட்ட நூலில், உடலின் பகுதிகள் தம் மீது விழும் வேலைக்கேற்பத் தம்மை மாற்றிக்கொள்கின்றன என்ற கருத்தை முன்வைத்தார். பெர்லின் அறுவை மருத்துவர் யூலியஸ் வோல்ஃப் 1892இல் அதை எலும்புக்குரிய விதியாகவே வகுத்தார்: எலும்பின் மேல் விழும் சுமை மாறினால் அதன் உள்ளமைப்பும் புறவடிவமும் அதற்கேற்ப மாறும். வோல்ஃபின் சான்றுகள் பெரும்பாலும் தொடை எலும்பிலிருந்து வந்தவை. உடலின் முழு எடையையும் தாங்கும் எலும்பைப் பற்றிய விதி, காற்றறைகளும் மெல்லிய தகடுகளும் நிறைந்த முகத்துக்கு எவ்வளவு பொருந்தும் என்பது அன்றே எழுந்திருக்க வேண்டிய ஐயம்; ஆயினும் பல ஆண்டுகள் அந்த விதி முகத்துக்கும் அப்படியே எடுத்தாளப்பட்டது.

எதிர்ப்பு வேறொரு திசையிலிருந்து வந்தது. 1931இல் பிராட்பென்ட் தலையை ஒரே நிலையில் பொருத்தி எக்ஸ்ரே எடுக்கும் முறையை உருவாக்கியபின், ஒரே குழந்தையின் முக வளர்ச்சியை ஆண்டுதோறும் அளக்க முடிந்தது. அப்படங்களை ஆராய்ந்த ஆலன் பிராடி, முகத்தின் அடிப்படை அமைப்பு பிறந்த மூன்றாம் மாத அளவிலேயே நிலைபெற்றுவிடுகிறது, பிறகு அது அளவில் பெரிதாகிறதே தவிர விகிதத்தில் மாறுவதில்லை என்று 1941இல் முடிவு கூறினார். பற்சீரமைப்பு உலகம் இம்முடிவை நெடுங்காலம் ஏற்றுக்கொண்டது. பிராடி கண்டது சராசரி என்பதும், தனிக் குழந்தைகளின் வளர்ச்சிப் பாதைகள் அந்தச் சராசரியிலிருந்து வெகுவாக விலகக்கூடும் என்பதும், கோபன்ஹேகனில் ஆர்னே பியோர்க் தாடை எலும்பில் சிறு உலோக ஊசிகளைப் பதித்து வளர்ச்சியைத் தொடர்ந்து பார்த்த பிறகே தெளிவாயின. அந்த ஊசிகளை ஆதாரமாக வைத்துப் பார்த்தபோது, சில குழந்தைகளின் கீழ்த்தாடை வளர வளர முன்னும் மேலுமாகவும், வேறு சிலரின் தாடை பின்னும் கீழுமாகவும் சுழல்வது தெரிந்தது.

எலும்பா, குருத்தெலும்பா, தசையா

இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் மூன்று கோட்பாடுகள் ஒன்றோடொன்று மோதின. முக எலும்புகள் ஒன்றையொன்று சந்திக்கும் தையல் இணைப்புகளில்தான் வளர்ச்சியின் உந்துதல் இருக்கிறது என்றார் ஹாரி சிக்கர். மூக்கின் இடைச்சுவரில் உள்ள குருத்தெலும்பே நடுமுகத்தை முன்னோக்கித் தள்ளுகிறது என்றார் ஜேம்ஸ் ஸ்காட். 1960களில் மெல்வின் மாஸ் இவ்விரண்டையும் மறுத்து, எலும்பு தானாக வளர்வதில்லை, அதைச் சூழ்ந்த மென்திசுக்களின் செயற்பாட்டுத் தேவைக்கு ஈடுகொடுத்தே வளர்கிறது என்ற செயற்பாட்டு அணிக் கோட்பாட்டை வகுத்தார். மாஸின் கணக்கில் தசையும் பல்லும் எலும்புறையின் வழியாக எலும்பை நேரடியாக மாற்றுகின்றன. மூளை, கண், வாய்க்குழி, மூச்சுக்குழி போன்ற கொள்ளளவுகள் விரியும்போது எலும்புகள் அவற்றோடு இடம்பெயர்கின்றன.

மாஸின் கோட்பாடு பெற்ற செல்வாக்கு அதன் துணிவுக்குக் கிடைத்தது. அதன் குறை, எதையும் விளக்கிவிடக்கூடிய அதன் நெகிழ்ச்சி: முகம் மாறினால் செயற்பாடு மாறியதற்குச் சான்று, மாறாவிட்டால் செயற்பாடு மாறவில்லை என்பதற்குச் சான்று என்று ஆகிவிடும்போது கோட்பாட்டைச் சோதிக்க இடமில்லாமல் போகிறது. தசையின் இழுவை எலும்புச் செல்லுக்குள் எவ்வழியில் செய்தியாக மாறுகிறது என்பதையும் அது முதலில் சொல்லவில்லை. 1997இல்தான் மாஸ் அந்த இடைவெளியை நிரப்ப முயன்றார். இதற்கிடையே ஸ்ட்ராஸ்பர்க்கில் அலெக்சாந்தர் பெத்ரோவிச், தாடை மூட்டுக்குமிழின் குருத்தெலும்பு வெளி டெரிகாய்டுத் தசையின் செயல்பாட்டுக்கும் பற்களின் பொருத்தத்துக்கும் ஏற்ப வளர்ச்சியைக் கூட்டிக் குறைக்கிறது என்று எலிகளில் காட்டி, மரபும் செயற்பாடும் ஒரே சுற்றில் இணையும் படிமத்தைத் தந்தார்.

விலங்குகள் தந்த சான்று

கோட்பாடுகளைவிட உறுதியான பொருள் சோதனைகளில் கிடைத்தது. ஷெர்வுட் வாஷ்பர்ன் 1947இல் வெளியிட்ட ஆய்வு இன்றும் இத்துறையின் அடித்தளமாக நிற்கிறது. பிறந்த ஒரு நாள் ஆன எலிக்குட்டிகளின் ஒரு பக்க டெம்பொராலிஸ் தசையை மட்டும் அகற்றி, மறுபக்கத்தை அப்படியே விட்டு, சில மாதங்கள் வளரவிட்டு மண்டையோட்டைப் பார்த்தார். ஒரே விலங்கின் இரு பக்கங்களையும் ஒப்பிடுவதால் உணவு, மரபு, நோய் ஆகிய எல்லா வேறுபாடுகளும் நீங்கிவிடுகின்றன. தசை இருந்த பக்கத்தில் கொரோனாய்டு முனைப்பு கூர்மையாக நின்றது. தசை இல்லாத பக்கத்தில் அது இல்லாமல் போயிருந்தது. மண்டையோட்டின் மேல் தசை பற்றும் விளிம்புக்கோடும் அப்பக்கத்தில் உருவாகவில்லை. மூளையைச் சுற்றிய பெட்டியோ பெரும்பாலும் மாறாமலே இருந்தது.

இதிலிருந்து வாஷ்பர்ன் செய்த பாகுபாடு, பின்னர் வந்த பல விவாதங்களைவிடத் தெளிவானது. தசை இல்லாவிட்டால் தோன்றவே தோன்றாத பகுதிகள் சில. தாமாகத் தோன்றி, தசை இல்லாவிட்டால் நிலைக்க முடியாத பகுதிகள் சில. தசையைப் பெரிதும் பொருட்படுத்தாத பகுதிகள் சில. கொரோனாய்டு முனைப்பு இரண்டாம் வகை, மூளைப்பெட்டி மூன்றாம் வகை. மரபா தசையா என்ற கேள்வியை முகம் முழுவதற்கும் ஒன்றாகக் கேட்பதே தவறு என்பதை இப்பாகுபாடு உணர்த்துகிறது. இக்கட்டுரை மதிப்பிடும் சான்றுகளில் பெரும்பாலானவை இந்தத் திசையையே காட்டுகின்றன.

தசையை வெட்டி எடுப்பது கடுமையான தலையீடு. இரத்த ஓட்டமும் நரம்பும் சேர்ந்து பாதிக்கப்படலாம் என்ற ஆட்சேபம் நியாயமானது. ஆகவே பலர் விலங்கைத் தொடாமல் உணவை மட்டும் மாற்றினர். மென்மையாக்கப்பட்ட தீவனத்தில் வளர்ந்த எலிகளின் மெல்லுதசைகள் மெலிந்தன, தாடை எலும்பின் நிறை குறைந்தது. 1982இல் ராபர்ட் கொருச்சினியும் பீச்சரும் அணில் குரங்குகளில் இதையே செய்தபோது, மென்மையான உணவு தின்றவற்றில் பல்வரிசை குறுகிப் பற்கள் இடம் மாறி முளைத்தன.

மனித முகத்துக்கு மிக நெருங்கிய சோதனை 2004இல் டேனியல் லீபர்மன் குழு ஹைராக்ஸ் என்னும் விலங்கில் செய்ததாகும். ஆப்பிரிக்கப் பாறைகளில் வாழும், முயல் அளவுள்ள இவ்விலங்கின் முகம் எலியின் முகத்தைப்போல முன்னுக்கு நீண்டிராமல், மனித முகத்தைப்போல மண்டையின் கீழ்ப்பகுதியில் ஒடுங்கியிருப்பதாலேயே அது தேர்ந்தெடுக்கப்பட்டது. ஒரே உணவு, ஒரு குழுவுக்குச் சமைத்தும் மற்றொரு குழுவுக்குப் பச்சையாகவும் உலர்த்தியும் கொடுக்கப்பட்டது. சமைத்த உணவில் வளர்ந்தவற்றின் முகத்தின் கீழ்ப்பகுதியும் பின்பகுதியும் ஏறக்குறைய 10 சதவீதம் குறைவாக வளர்ந்தன. மெல்லும்போது எலும்பு அதிகமாக நெளியும் இடங்களும் இவையே என்பதால், இது ஊட்டச்சத்துக் குறைவால் முழு உடலும் சிறுத்ததன் விளைவு என்று ஒதுக்கிவிட இயலாது.

எதிர்ச்சான்றும் இதே முறையில் கிடைத்தது. மெல்லும்போது எலும்பு எவ்வளவு நெளிகிறது என்பதைக் குரங்குகளின் முகத்தில் நுண் உணர்விகளை ஒட்டி அளந்த வில்லியம் ஹைலாண்டர், கீழ்த்தாடையிலும் கன்னவளைவிலும் நெளிவு அதிகமாகவும் புருவமேட்டில் மிகக் குறைவாகவும் இருப்பதை 1991இல் காட்டினார். பழைய மனித இனங்களின் தடித்த புருவமேடு வன்மையாக மென்றதன் விளைவு என்ற நெடுநாள் விளக்கத்துக்கு இது பெரும் தடையாயிற்று. முகத்தின் மேல்பகுதியில் தசையின் கை எட்டும் தூரம் குறைவு.

இழுவை எலும்பை எட்டும் வழி

எலும்புக்குள் புதைந்து, நுண்கால்வாய்களால் இணைந்திருக்கும் ஆஸ்டியோசைட் செல்களே நெளிவை உணர்பவை என்பது இன்று பொதுவாக ஏற்கப்படுகிறது. சுமை குறைந்தால் அவை ஸ்கிலிரோஸ்டின் என்ற புரதத்தை அதிகம் சுரந்து எலும்பாக்கத்தைத் தடுக்கின்றன. சுமை கூடினால் அச்சுரப்பு குறைகிறது. ஏ.சி.யின் வெப்பநிலைக் கட்டுப்பாடுபோல, குறிப்பிட்ட எல்லைக்குக் கீழே எலும்பு இழக்கப்படுகிறது, அதற்கு மேலே சேர்க்கப்படுகிறது என்பது 1987இல் ஹெரால்ட் ஃப்ராஸ்ட் விளக்கிய மெக்கனோஸ்டாட் கருத்து. தாடை மூட்டுக்குமிழின் குருத்தெலும்பு இன்னும் நேரடியாக அசைவைச் சார்ந்தது. தசைகள் செயலிழக்கச் செய்யப்பட்ட கோழிக் கருவில் இவ்வகை இரண்டாம்நிலைக் குருத்தெலும்பு உருவாவதே இல்லை.

இருப்பினும் மெக்கனோஸ்டாட் எலும்பின் நிறையை விளக்கும் அளவுக்கு அதன் வடிவத்தை விளக்குவதில்லை. ஒரு தாடை ஏன் தடிக்கிறது என்று சொல்ல முடிகிறது. ஏன் நீளாமல் அகல்கிறது என்று சொல்ல முடிவதில்லை. மயோஸ்டாட்டின் என்ற மரபணு நீக்கப்பட்டுத் தசை பெருத்த எலிகளின் மண்டை நீளம் குறைந்து காணப்படுகிறது என்றாலும், அந்த மரபணு எலும்பையும் தனியே பாதிக்கக்கூடும் என்பதால் அச்சான்றையும் எச்சரிக்கையுடனேயே ஏற்க வேண்டியுள்ளது.

மனிதரில் எது முதல், எது பின்

மனிதரில் இத்தகைய சோதனை செய்ய இயலாது, ஒப்பிட்டுப் பார்க்கலாம். வன்மையாகக் கடிப்பவர்களின் முகம் பொதுவாகக் குறுகிய உயரமும் சதுரமான தாடைக்கோணமும் கொண்டிருப்பதும், கடிவிசை குறைந்தவர்களின் முகம் நீண்டு கீழ்த்தாடை பின்னோக்கிச் சாய்ந்திருப்பதும் பல ஆய்வுகளில் மீண்டும் மீண்டும் வந்திருக்கின்றன. மாசெட்டரின் தடிமனை அல்ட்ராசவுண்டால் அளந்தவர்களும் இதே உறவைக் கண்டனர். மயோடோனிக் டிஸ்ட்ரோபி என்னும் பரம்பரைத் தசைநலிவு நோய் உள்ளவர்களில் ஸ்டாவ்ரோஸ் கிலியாரிடிஸ் குழு 1989இல் கண்டது இன்னும் அழுத்தமானது: நீண்ட முகம், குறுகி உயர்ந்த அண்ணம், ஒன்றையொன்று தொடாமல் திறந்து நிற்கும் முன்பற்கள்.

இவ்வளவும் தசையின் பக்கம் தீர்ப்பளிப்பதாகத் தோன்றும்போது, 1983இல் வில்லியம் பிராஃபிட்டும் ஹென்றி ஃபீல்ட்சும் வெளியிட்ட இரு ஆய்வுகள் சிக்கலை வெளிக்கொணர்ந்தன. கடைவாய்ப்பற்களுக்கு இடையே விசை உணர்வியை வைத்து, விழுங்கும்போதும் மெல்லும்போதும் முழு வலிமையுடன் கடிக்கும்போதும் அளந்தனர். வளர்ந்தவர்களில், நீண்ட முகம் உடையோரின் கடிவிசை இயல்பான முகம் உடையோரின் விசையைவிடத் தெளிவாகக் குறைந்திருந்தது. குழந்தைகளிலோ, முகம் ஏற்கெனவே நீண்டிருந்தவர்களுக்கும் இயல்பாக இருந்தவர்களுக்கும் கடிவிசையில் வேறுபாடே இல்லை. இரு குழுவினரின் விசையும் நீண்ட முக வளர்ந்தவர்களின் அளவிலேயே இருந்தது. நீண்ட முகம் முதலில் வந்திருக்கிறது; விசைக் குறைவு பின்னால், பருவ வயதில் மற்றவர்கள் பெறும் வலிமையை இவர்கள் பெறாததால் வந்திருக்கிறது. தசை நலிவே நீண்ட முகத்தின் காரணம் என்ற எளிய வாதம் இந்த இடத்தில் நிற்பதில்லை.

தாடை பின்னோக்கிச் சாயும்போது தசைகளின் நெம்புகோல் அமைப்பே மாறிவிடுவதால், அதே தசை குறைந்த விசையையே பற்களில் செலுத்த முடியும் என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும். பற்களின் இடத்தைப் பொறுத்தவரை, சில நிமிடங்கள் நீடிக்கும் வன்மையான மெல்லலைவிட, நாள் முழுவதும் நாக்கும் உதடும் கன்னமும் ஓய்வில் செலுத்தும் மெல்லிய அழுத்தத்துக்கே அதிகப் பங்கு உண்டு என்று பிராஃபிட் 1978இல் முன்வைத்த கருத்தும் தசை வாதத்தின் வீச்சைக் குறைக்கிறது.

பழைய மண்டையோடுகள், புதிய உணவு

வேட்டையாடி உணவு திரட்டிய மக்கள் வேளாண்மைக்கு மாறியபோது முகம் சிறுத்தது என்ற கருத்துக்கு நூபியா மண்டையோடுகளே முதல் விரிவான சான்று. 1977இல் கார்ல்சனும் வான் கெர்வனும் இடைக்கற்காலம் முதல் கிறித்தவக் காலம் வரையிலான எலும்புகளை ஒப்பிட்டு, தசை பற்றும் பகுதிகள் சுருங்கியதும் முகம் மண்டைக்குக் கீழே ஒடுங்கியதும் உணவு மென்மையானதோடு சேர்ந்து நிகழ்ந்தன என்றனர். இடையில் மக்கள் குடிபெயர்ந்து வந்தார்களா என்ற ஐயம் அவ்வாய்வை நெடுநாள் தொடர்ந்தது. அந்த ஐயத்தைத் தாண்ட உலகின் பல மக்கள்குழுக்களை ஒரே ஆய்வில் ஒப்பிட வேண்டியிருந்தது. 2011இல் நோரீன் வான் க்ராமன்-டாவ்பாடல், வேட்டை வாழ்வினரின் கீழ்த்தாடை நீண்டும் குறுகியும் வேளாண் மக்களின் தாடை குட்டையாகவும் அகன்றும் இருப்பதையும், மண்டையோட்டின் பெரும்பகுதி உணவைவிட மக்களின் மரபு உறவையே காட்டுவதையும் நிறுவினார். 2017இல் டேவிட் காட்ஸ் குழு இரண்டு டஜனுக்கு மேற்பட்ட மக்கள்குழுக்களின் எலும்புகளை ஆராய்ந்து, உணவின் விளைவு உண்மையானது, ஆனால் மிதமானது, பால் உணவு வழக்கத்தில் இருந்த குழுக்களில் அது அதிகம் என்று முடிவு செய்தது.

வட இந்தியாவிலும் கொருச்சினி தம் இந்திய உடனாய்வாளர்களுடன் பஞ்சாபி இளைஞரிடையே இதைப் பார்த்து, கிராமத்தாரைவிட நகரத்தாரில் பற்கள் சீராகப் பொருந்தாமை அதிகம் என்று 1980களில் பதிவு செய்தார். ஒரே மக்கள், ஒரே காலம், வேறு உணவு என்பதே இதன் வலிமை. மூச்சடைப்பு, விரல் சூப்புதல், பாற்பற்களை முன்கூட்டியே இழத்தல் ஆகியவையும் நகரத்தில் வேறுபடலாம் என்பது அதன் வலுவின்மை.

இரட்டையர் சொல்வதும் சொல்லாததும்

ஒரே கருமுட்டையிலிருந்து பிறந்த இரட்டையரின் முக எலும்பு அளவுகள் மிக நெருக்கமாக ஒத்திருக்கின்றன. 1991இல் ஹாரிஸும் ஜான்சனும் உடன்பிறந்தாரை வளர வளரத் தொடர்ந்து அளந்தபோது, எலும்பு அளவுகளில் மரபின் பங்கு வயதோடு உயர்ந்தும் பற்களின் இடநிலையில் அது குறைந்தும் காணப்பட்டது. இம்முடிவு தசை வாதத்தை முறியடித்துவிட்டதாகச் சிலர் எழுதுகின்றனர். அது பிழையான வாசிப்பு. மரபுப் பங்கு என்பது ஒரு மக்கள்குழுவுக்குள் ஒருவருக்கொருவர் உள்ள வேறுபாட்டில் மரபு எவ்வளவு என்பதன் அளவு மட்டுமே. ஆய்வுக்குட்பட்ட எல்லாக் குழந்தைகளும் மாவும் ரொட்டியும் மசித்த உணவுமாக ஒரே வகை மென்மையில் வளரும்போது, உணவின் விளைவு எல்லோரிடமும் சமமாகப் படிந்து கணக்கிலிருந்தே மறைந்துவிடும். நூற்றாண்டுகளுக்கிடையேயான மாற்றத்தை இரட்டையர் ஆய்வு காண இயலாது. தனி மனிதர்களுக்கிடையேயான வேறுபாட்டை மண்டையோட்டு ஆய்வு காண இயலாது. இரு தரப்பும் பல ஆண்டுகள் ஒன்றையொன்று மறுத்ததாக எண்ணியபோது உண்மையில் வெவ்வேறு கேள்விகளுக்கே விடை சொல்லிக்கொண்டிருந்தன.

சிகிச்சையும் சந்தையும்

தசையின் விசையைத் தாடை வளர்ச்சிக்குப் பயன்படுத்த முடியும் என்ற நம்பிக்கையில் 1930களில் விக்கோ ஆந்திரேசனும் கார்ல் ஹாய்ப்லும் உருவாக்கிய ஆக்டிவேட்டர் முதல் இன்றைய ட்வின் பிளாக் வரை பல கருவிகள் வந்துள்ளன. மான்செஸ்டரிலும் வட கரோலினாவிலும் குழந்தைகளைக் குலுக்கல் முறையில் பிரித்துச் செய்த சோதனைகளின் செய்தி ஏமாற்றமளிப்பது: இளவயதில் பற்களின் பொருத்தம் நன்றாகவே திருந்துகிறது, ஆனால் அதில் பெரும்பகுதி பற்கள் நகர்வதால் வருகிறது, கீழ்த்தாடையின் கூடுதல் வளர்ச்சி சிறிது, அதுவும் பருவ வயதின் முடிவில் பெரும்பாலும் தங்குவதில்லை.

மெல்லும் பயிற்சியை நேரடியாகச் சோதித்தவை மிகச் சிலவே. 1987இல் இங்கர்வாலும் பிட்சானிஸும் நீண்ட முகக் குழந்தைகள் சிலரை நாள்தோறும் இரண்டு மணிநேரம், ஓராண்டுக் காலம் கெட்டியான பிசினை மெல்லவைத்தபோது கடிவிசை கூடியது. பலரில் தாடை சாதகமான திசையில் சுழன்றது. ஊக்கமளிக்கும் முடிவுதான். ஆயினும் மிகச் சிறிய முன்னோட்ட ஆய்வு அது. இத்தகைய சான்றை நம்பி, வளர்ச்சி நின்றுவிட்ட இளைஞர்களிடம் தாடையைச் செதுக்கித் தருவதாகச் சொல்லிக் கெட்டியான சூயிங்கம்மை விற்பது வருந்தத்தக்கது. பருத்துத் தெரிவது மாசெட்டர் தசையே; எலும்பு புது வடிவம் கொள்ளும் வயது அவர்களுக்குக் கடந்துவிட்டது, தாடை மூட்டு வலி மட்டும் மிஞ்சலாம். முகத்தை ஒடுக்கிக் காட்ட மாசெட்டரில் போட்டுலினம் ஊசி போடும் வழக்கத்துக்கும் எச்சரிக்கை தேவை: முயல்களில் அவ்வூசி தசையின் கீழுள்ள எலும்பையும் மூட்டுக்குமிழையும் கணிசமாக நலியச் செய்துள்ளது, மனிதரில் வந்த முடிவுகள் ஒருமுகமாக இல்லை.

இன்னும் திறந்திருப்பவை

தசை பற்றும் முனைப்புகள், தாடைக்கோணம், பல் தாங்கும் எலும்பு, மேல்தாடையின் அகலம் ஆகியவற்றில் மெல்லுதசையின் பங்கு ஐயத்துக்கு அப்பாற்பட்டது என்று சொல்லத்தக்க அளவுக்குச் சான்று சேர்ந்துள்ளது. முகத்தின் அடிப்படைத் திட்டத்தையும் மேல்முகத்தையும் மூளைப்பெட்டியையும் தசை தீர்மானிக்கிறது என்பதற்குப் போதிய சான்று இல்லை. நீண்ட முகத்தில் தசை காரணமா விளைவா என்பதும், எந்த வயதில் மெல்லும் பழக்கம் அதிக விளைவை ஏற்படுத்துகிறது என்பதும், விசையின் அளவா அது நீடிக்கும் நேரமா முக்கியம் என்பதும் தீரவில்லை.

இவற்றைத் தீர்க்கத் தேவைப்படுவது, பால்குடி மறக்கும் வயதிலிருந்து பருவ வயது முடியும்வரை ஒரே குழந்தைகளின் தசைத் தடிமனையும் கடிவிசையையும் உணவின் கடினத்தையும் முக அளவுகளையும் சேர்த்தே பதிவு செய்யும் ஆய்வு. நலமான குழந்தைகளை ஆண்டுதோறும் எக்ஸ்ரேக்கு உட்படுத்தக் கூடாது என்ற நெறி முன்பு இதற்குத் தடையாக இருந்தது. அல்ட்ராசவுண்டும் முகத்தின் முப்பரிமாணப் படமும் கதிர்வீச்சு இல்லாமல் கிடைக்கும் இக்காலத்தில், குழந்தைகளை அன்றாடம் காணும் பல் மருத்துவக் கல்லூரிகள் இப்பணியைத் தொடங்கலாம், தொடங்கவும் வேண்டும்.